வருமானம் குறைவு, கடன் வரலாறும் இல்லை: கார் வாங்க எந்த வழி?

முதல் கார் வாங்கப் போனபோது நான் விற்பனையாளரிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "மாசம் எவ்வளவு கட்டணும்?" அவர் ஒரு தொகை சொன்னார், அது அதிகம் என்றேன், கொஞ்ச நேரம் கணினியைத் தட்டிவிட்டு அதைவிடக் குறைந்த தொகை ஒன்றைக் காட்டினார், நானும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன். அவர் வட்டியைக் குறைக்கவில்லை, விலையைக் குறைக்கவில்லை. 5 வருடக் கடனை 7 வருடமாக நீட்டிவிட்டார், அவ்வளவுதான். எனக்கு அன்று அது புரியவில்லை. அதுவரை நான் யாரிடமும் கடன் வாங்கியதில்லை, சம்பளமும் சொற்பம், 'எனக்குக்கூட ஒருத்தர் கடன் தருகிறாரே' என்ற நன்றியில்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த நன்றியுணர்ச்சி எவ்வளவு செலவு வைத்தது என்று சொல்கிறேன். எந்த நாணயமாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான் என்பதால் கடனை 100 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 18 சதவீத வட்டி, 84 மாதம். மாதத் தவணை 2.10 வரும். இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டினால் கையிலிருந்து 50 போயிருக்கும். ஆனால் அசலில் இன்னும் 82க்கு மேல் பாக்கி நிற்கும்! ஆரம்ப வருடங்களில் கட்டுவதில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடும். எனக்கு அந்த இரண்டாம் வருட முடிவில்தான் வேலை போனது, வண்டியை விற்கலாம் என்று பார்த்தால் கிடைக்கிற விலை பாக்கியைவிடக் குறைவு. வண்டியையும் கொடுத்து, கையிலிருந்து மேலும் பணம் கொடுத்துத்தான் அந்தக் கடனிலிருந்து வெளியே வந்தேன்.

அதனால் வழிகளை ஒப்பிடும்போது, யார் கடன் தருவார்கள் என்ற கேள்வியை நான் முதலில் வைப்பதில்லை. நிலைமை மாறினால் இந்தக் கடனிலிருந்து பெரிய காயமில்லாமல் வெளியே வர முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. நல்ல சம்பளக்காரருக்கு இது இரண்டாம்பட்சம், ஒரு மாதம் தடுமாறினாலும் சேமிப்பு தாங்கும். நமக்கு அந்த மெத்தை கிடையாது.

ஒரு விஷயத்தை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கடன் வரலாறு இல்லாதது வேறு, கெட்ட கடன் வரலாறு வேறு. பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, தவறு செய்தவர் மாதிரி தலைகுனிந்து போய் உட்காருகிறார்கள். வாங்கிய கடனைக் கட்டாமல் விட்டவரைப் பற்றிக் கடன் கொடுப்பவருக்கு ஏற்கெனவே ஒரு பதில் தெரியும். உங்களைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. தெரியாத இடத்தை நீங்களே வேறு காகிதங்களால் நிரப்பலாம்: ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரையிலான வங்கிக் கணக்கு விவரம், தவறாமல் வாடகை கட்டிய ரசீதுகள், மின்சார, போன் பில்கள், ஒரே வேலையில் எத்தனை காலமாக இருக்கிறீர்கள் என்பதற்கான கடிதம். இன்னொன்று, ஒருவர் கடனை எவ்வளவு நம்பகமாகக் கட்டுவார் என்பதை ஓர் எண்ணாகச் சொல்லும் கடன் மதிப்பெண்களில், அமெரிக்காவில் பரவலாகப் பயன்படும் ஃபைகோ (FICO) முறையில் சம்பளம் கணக்கிலேயே வருவதில்லை. கட்டிய ஒழுங்குக்கு 35 சதவீதம், எவ்வளவு கடன் நிலுவையில் இருக்கிறது என்பதற்கு 30, வரலாறு எவ்வளவு நீளம் என்பதற்கு 15, மீதி புதிய கடன்களுக்கும் கடன் வகைகளுக்கும் பத்துப் பத்து. அந்த முறையில் ஒரு மதிப்பெண் உருவாகவே குறைந்தது ஆறு மாதம் பழைய கடன் கணக்கு ஒன்று வேண்டும். கடன் கொடுப்பவர் சம்பளத்தைத் தனியாகப் பார்ப்பார், தவணையைத் தாங்குமா என்று. ஆக, குறைந்த சம்பளம் ஒரு பிரச்சினை, வரலாறு இல்லாதது இன்னொரு பிரச்சினை. இரண்டாவது, ஒரு வருடத்தில் பெரும்பாலும் சரியாகக்கூடியது.

சரி, வழிகளுக்கு வருவோம்.

பெரும்பாலோர் போய்ச் சேருவது ஷோரூமிலேயே கடன் ஏற்பாடு செய்துகொள்ளும் வழி. வசதிதான், மறுக்கவில்லை. ஒரே மேசையில் வண்டி, கடன், இன்சூரன்ஸ் எல்லாம் முடிந்துவிடும், விற்பனையாளருக்குப் பல நிதி நிறுவனங்களுடன் தொடர்பு இருப்பதால் வரலாறு இல்லாதவருக்கும் யாராவது ஒருவர் கிடைப்பார். ஆனால் பல இடங்களில் நடப்பது என்னவென்றால், நிதி நிறுவனம் ஒரு வட்டி சொல்லும், அதன்மேல் விற்பனையாளர் தன் பங்கைச் சேர்த்து உங்களிடம் சொல்வார். வேறு எங்கேயும் கேட்டுப்பார்க்காமல் வந்தவருக்கு அந்தக் கூடுதல் தெரியவே தெரியாது. அப்புறம் அந்த மேசையில் கடனுக்குள் நுழைகிற சாமான்கள் இருக்கின்றனவே, நீட்டித்த வாரண்டி, பெயிண்ட் பூச்சு, சீட் கவர், கடன் காப்பீடு என்று, எல்லாமே "மாசத்துக்குக் கொஞ்சம்தான் கூடும்" என்ற ஒரே வாக்கியத்தோடு வரும். அந்தக் கொஞ்சத்துக்கும் 18 சதவீத வட்டியை 7 வருடம் கட்டுவீர்கள். விளம்பரத்தில் வரும் குறைந்த வட்டி, வட்டியே இல்லாத சலுகை எல்லாம் பொதுவாக நல்ல மதிப்பெண் உள்ளவர்களுக்கானவை, அதை நம்பி உள்ளே போகாதீர்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். கடன் முழுமையாக உறுதியாவதற்கு முன்னால் சாவியைக் கொடுத்து வண்டியை வீட்டுக்கு அனுப்பிவைக்கும் இடங்கள் உண்டு. ஒரு வாரம் கழித்துப் போன் வரும், "முதலில் சொன்ன வட்டிக்கு ஒப்புதல் கிடைக்கவில்லை, கொஞ்சம் கூடும்" என்று. அதற்குள் அக்கம்பக்கம் எல்லோரும் பார்த்துவிட்டார்கள், பழைய வண்டி இருந்தால் அதையும் கொடுத்துவிட்டீர்கள், திருப்பிக் கொண்டுபோய் விட மனசு வராது. எழுத்தில் கடைசி ஒப்புதல் கையில் வரும்வரை சாவியை வாங்காதீர்கள்.

இதற்கு நெருங்கிய உறவு, ஆனால் இன்னும் ஆபத்தானது, விற்பவரே கடனும் கொடுக்கும் பழைய கார் கடைகள். வரலாறு பார்ப்பதில்லை, சம்பளச் சீட்டு மட்டும் போதும், இன்றே வண்டி. வேறு கதவு எதுவும் திறக்காதவர்களுக்கு இது திறக்கிறது என்பது உண்மை, அந்த அவசரத்தில் இருப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வட்டி மட்டும் அதிகமில்லை, வண்டியின் விலையும் வெளியே கிடைப்பதைவிட ஏற்றி வைக்கப்பட்டிருக்கும். தவணை தாமதமானால் தூரத்திலிருந்தே வண்டியை ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் கருவி பொருத்துவதும் உண்டு. எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது வேறு: இப்படிப்பட்ட பல கடைகள் நீங்கள் ஒழுங்காகக் கட்டியதைக் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிப்பதே இல்லை. மூன்று வருடம் ஒரு நாள் தவறாமல் கட்டியும் உங்கள் வரலாறு வெறுமையாகவே இருக்கும், அடுத்த முறையும் அதே கடைக்குத்தான் போக வேண்டியிருக்கும். அங்கே போகத்தான் வேண்டும் என்றால், "நான் கட்டுவதைப் பதிவு செய்வீர்களா, எழுத்தில் தருவீர்களா" என்பதை முதலில் கேளுங்கள், வண்டியைப் பார்ப்பது அப்புறம்.

வங்கியிலோ, உறுப்பினர்களே சேர்ந்து நடத்தும் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ நேராகப் போய், வண்டி பார்ப்பதற்கு முன்பே கடனுக்கு ஒப்புதல் வாங்குவது மூன்றாவது வழி. அலைச்சல் உண்டு, மறுப்பு வரலாம், ஒரு கிளையில் இல்லை என்றால் இன்னொன்றில் கேட்க வேண்டும். ஆனால் இதில் ஒரு பெரிய மாற்றம் நடக்கிறது. எவ்வளவு கடன், என்ன வட்டி, எத்தனை மாதம் என்று எழுதிய காகிதம் கையில் இருந்தால், ஷோரூமில் நீங்கள் பேச வேண்டியது வண்டியின் விலையை மட்டும்தான். விலை, பழைய வண்டியின் மதிப்பு, வட்டி, தவணை நான்கையும் ஒரே மேசையில் கலக்கவிட்டால் ஒன்றில் குறைத்ததை இன்னொன்றில் எடுத்துவிடுவார்கள், அனுபவம் இல்லாதவருக்கு அது கண்ணில் படாது. அவர்கள் உங்கள் காகிதத்தில் உள்ளதைவிடக் குறைந்த வட்டி தந்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று இடங்களில் கேட்டால் மதிப்பெண் இறங்கிவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். கடனுக்கு முறையாக விண்ணப்பித்தால் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், ஆனால் ஃபைகோ போன்ற முறைகளில், கார் கடனுக்காக இரண்டு வாரத்துக்குள் கேட்கும் விசாரணைகள் எல்லாம் ஒரே விசாரணையாகத்தான் எண்ணப்படும். அதனால் மாதக்கணக்கில் ஒவ்வொன்றாகக் கேட்காமல் ஒரே மூச்சில் கேட்டு முடித்துவிடுங்கள்.

கூட்டுறவுச் சங்கங்களை நான் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் கணக்கை அவர்கள் பார்த்திருக்கிறார்கள், சிறு தொகையாவது மாதாமாதம் போட்டுவந்தால் அதுவே ஒரு வரலாறு. மதிப்பெண்ணை மட்டும் பார்த்துக் கதவைச் சாத்துவது அங்கே குறைவு. எனக்கு இரண்டாவது கார் கடன் கிடைத்தது அப்படிப்பட்ட ஓர் இடத்தில்தான், 12 சதவீதத்துக்கு. முதல் கடனைவிட ஆறு சதவீதம் குறைவு. இடையில் சம்பளம் ஒன்றும் உயர்ந்துவிடவில்லை.

ஜாமீன் போட ஒருவரைக் கூட்டிவந்தால் வட்டி சட்டென்று குறையும், மறுத்த கடனும் கிடைக்கும். காகிதத்தில் பார்த்தால் இதுதான் மிக மலிவான வழி. ஆனால் இதில் பணயம் வைப்பது உங்களுடையதை அல்ல. நீங்கள் கட்டாவிட்டால் மொத்தப் பாக்கிக்கும் அவர் பொறுப்பு, உங்கள் தாமதம் அவருடைய வரலாற்றிலும் ஏறும், நாளைக்கு அவர் வீட்டுக் கடன் கேட்டால் இந்தக் கடனையும் அவர் தலையில் வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். பலருக்கு இது கையெழுத்துப் போடும்போது தெரிவதில்லை, "சும்மா ஒரு கையெழுத்து" என்றுதான் நினைக்கிறார்கள். என் அக்கா எனக்காகப் போட முன்வந்தபோது நான் வேண்டாம் என்றேன், அது சரியான முடிவுதான் என்று இன்றும் நினைக்கிறேன், ஏனென்றால் அப்போது என் கையில் ஒரு மாதத் தவணைகூடச் சேமிப்பாக இல்லை. ஜாமீன் வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், மூன்று தவணைக்கான பணத்தை முதலில் தனியாக ஒரு கணக்கில் போட்டு வைத்துவிட்டு அப்புறம் கேளுங்கள். ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டினால் ஜாமீன்தாரரை விடுவிக்க வழி இருக்கிறதா என்பதையும் ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், சில இடங்களில் உண்டு.

வண்டியை அடமானம் வைக்காத தனிநபர் கடனுக்கு வட்டி பொதுவாகக் கூடுதலாகவே இருக்கும், வரலாறு இல்லாதவருக்கு இன்னும் கூடுதல். இருந்தாலும் இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. தொகை சிறியது, வண்டி பத்து வருடம் பழையது, தெரிந்த ஒருவர் நேரடியாக விற்கிறார் என்றால் கார் கடன் கொடுப்பவர்கள் பெரும்பாலும் ஒதுங்கிவிடுவார்கள், வண்டி வயது தாண்டிவிட்டது என்று. அங்கே தனிநபர் கடன் உதவும். வண்டி உங்கள் பெயரில் சுத்தமாக இருப்பதால், கஷ்டம் வந்தால் யாரையும் கேட்காமல் விற்று அடைக்கலாம். அடமானக் கடனில் முழு இன்சூரன்ஸ் எடுத்தே தீர வேண்டும் என்று பெரும்பாலும் நிபந்தனை இருக்கும், இதில் அந்தக் கட்டாயம் இல்லை, சட்டம் கேட்கும் அளவு போதும். இதெல்லாம் சிறு தொகைக்கும், அதிகபட்சம் 24 மாதத்துக்கும்தான். அதைத் தாண்டினால் வட்டி விழுங்கிவிடும்.

நிரந்தர வைப்பில் சொந்தப் பணம் ஏதாவது இருந்தால் அதன்மேல் கடன் வாங்குவது இன்னொரு வழி. சொந்தப் பணத்துக்கு வட்டி கட்டுவதா என்று தோன்றும். ஆனால் கொடுப்பவருக்கு ஆபத்தே இல்லாததால் வட்டி மிகக் குறைவு, மதிப்பெண் பெரும்பாலும் கேட்பதில்லை, அது பதிவாகும் கடனாக இருந்தால் வரலாறும் உருவாகும். குறை ஒன்றுதான், அவசரத்துக்கு வைத்த பணம் முடங்கிவிடும்.

குத்தகைக்கு எடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாதத் தொகை குறைவாகத் தெரியும், ஆனால் மதிப்பெண் விஷயத்தில் கண்டிப்பு அதிகம், ஓட்டும் தூரத்துக்கு வரம்பு, நடுவில் விட்டால் பெரிய அபராதம், கடைசியில் கையில் வண்டியும் இல்லை. வருமானம் ஏறி இறங்குபவருக்கு இது பொருந்தாது. இரண்டு மூன்று மாதத் தேவை என்றால் மாத வாடகைக்கு எடுப்பது, தொகை கூடுதலாக இருந்தாலும், எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கொடுக்கலாம் என்பதால் உண்மையில் பாதுகாப்பானது.

சொந்தக்காரர்களிடம் வாங்கினால் வட்டி மிச்சம், வரலாறு உருவாகாது, பாக்கி நிற்கும்வரை விசேஷ வீடுகளில் அவர்கள் முகத்தை நேராகப் பார்க்க முடியாது. வாங்கினால் தொகை, தேதி எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்குங்கள், அவர் வேண்டாம் என்றாலும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த கணக்குக்கு வருகிறேன். மேலே உள்ள எல்லா வழிகளையும் ஒப்பிடும்போது நாம் வட்டி சதவீதத்தைப் பற்றியே பேசுகிறோம். ஆனால் குறைந்த வருமானக்காரருக்கு வட்டியைவிடப் பெரிய நெம்புகோல் இரண்டு இருக்கின்றன: வண்டியின் விலை, கடனின் காலம். என் பழைய கடனையே எடுத்துக்கொள்ளுங்கள். 100 கடன், 18 சதவீதம், 84 மாதம், மாதம் 2.10, மொத்தம் 176 கட்ட வேண்டும். அதே மோசமான 18 சதவீதத்துக்கே, பாதி விலையில் ஒரு பழைய காரை 50 கடனில் வாங்கி 36 மாதத்தில் அடைப்பதாக இருந்தால் மாதத் தவணை 1.81தான், மொத்தம் 65. தவணையும் குறைவு, காலமும் பாதிக்கும் குறைவு! வட்டியில் ஒரு புள்ளிகூடக் குறைக்கவில்லை, யாரிடமும் கெஞ்சவில்லை. 12 சதவீதத்துக்குக் கிடைத்தால் தவணை 1.66, மொத்தம் 60க்குக் கொஞ்சம் கீழே.

இன்னும் ஒரு படி போகலாம். அவசரம் இல்லாதவர், அந்த 2.10 தவணையை இன்றிலிருந்தே தனக்குத்தானே கட்டத் தொடங்குகிறார் என்று வையுங்கள், தனிக் கணக்கில், சம்பளம் வந்த அன்றே. 12 மாதத்தில் 25 சேர்ந்துவிடும். அந்தப் பாதி விலைக் காருக்கு 25 முன்பணம், மீதி 25 மட்டும் கடன். அதே 2.10ஐத் தொடர்ந்து கட்டினால், 18 சதவீதத்திலும் 14 மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். சேர்த்த காலத்தையும் சேர்த்தால்கூட 26 மாதம். நான் 84 மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டவன், இந்தக் கணக்கை முதல் முறை போட்டுப் பார்த்தபோது கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. அந்த 12 மாதத்தில் வேறு ஒன்றும் தெரிந்துவிடும்: அந்தத் தவணையை உங்களால் உண்மையிலேயே தாங்க முடியுமா என்பது. ஐந்தாம் மாதமே சேமிப்பிலிருந்து எடுக்க வேண்டி வந்தால், அந்தத் தவணை உங்களுக்கு அதிகம். அதை அபராதம் இல்லாமல், வண்டியைத் தூக்கிக்கொண்டு போகிற ஆள் இல்லாமல் தெரிந்துகொண்டீர்கள்.

அதே 12 மாதத்தில் வரலாற்றையும் உருவாக்கலாம். வைப்புத்தொகை வைத்து வாங்கும் கிரெடிட் கார்டு ஒன்று, வரம்பில் சிறு பகுதியை மட்டும் பயன்படுத்தி, மாதாமாதம் முழுத் தொகையையும் தேதிக்குள் கட்டிவிடுவது. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுவதல்ல, முழுவதும். நான் அதில் போன் பில்லை மட்டும்தான் கட்டினேன், வேறு எதற்கும் அந்த அட்டையை எடுக்கவே இல்லை. ஒரு வருடம் கழித்துக் கூட்டுறவுச் சங்கத்தில் போய் உட்கார்ந்தபோது, அவர்கள் பார்க்க ஏதோ ஒன்று இருந்தது.

'எனக்கு வேலைக்குப் போகவே கார் வேண்டும், ஒரு வருடம் எப்படிக் காத்திருப்பது' என்று கேட்பவர்கள் இருப்பார்கள், அது நியாயமான கேள்வி. பஸ் போகாத இடத்தில், இரவு நேர வேலையில் இருப்பவரிடம் பொறுத்திருங்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. கார் இல்லாவிட்டால் சம்பளமே இல்லை என்றால் இன்றே வாங்கத்தான் வேண்டும். ஆனால் அப்போதும் அந்த இரண்டு நெம்புகோல்களும் உங்கள் கையில்தான் இருக்கின்றன. வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வண்டி போதும், இரண்டு மூன்று வருடத்தில் அடைக்கிற கடன் போதும், பிடித்த கார் அடுத்தது. புது வண்டி முதல் வருடத்திலேயே விலையில் சுமார் 20 சதவீதம் இழந்துவிடும், அந்த இழப்பை வேறொருவர் ஏற்கெனவே சுமந்த வண்டியை வாங்குவதுதான் பழைய கார் வாங்குவதன் முழு அர்த்தமும். விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் காட்டாமல் வாங்காதீர்கள், அந்தக் கூலி எவ்வளவானாலும் சரி, கொடுத்துவிடுங்கள்.

20/4/10 என்று ஒரு விதி பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள்: 20 சதவீதம் முன்பணம், 4 வருடத்துக்குள் கடன், வண்டிக்கான மொத்தச் செலவு வருமானத்தில் 10 சதவீதத்துக்குள். முதல் இரண்டையும் விடாப்பிடியாகக் கடைப்பிடியுங்கள். மூன்றாவது, சம்பளம் குறைவாக உள்ளவருக்குப் பெரும்பாலும் நடக்காத காரியம், பெட்ரோலும் இன்சூரன்ஸும் பழுதும் சேர்ந்தாலே பத்தைத் தாண்டிவிடும். அதற்காக மனம் தளர வேண்டாம், ஆனால் தவணையைக் கணக்கிடும்போது இவை எல்லாவற்றையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். கடன் கொடுப்பவர் சொல்லும் 'உங்களால் தாங்க முடியும்' என்ற தொகையில் உங்கள் பழைய காரின் டயர் செலவு இருக்காது.

வட்டியைப் பற்றி ஒரே ஒரு பொறி. பிளாட் வட்டி என்று சொன்னால் உஷாராகுங்கள். அடைத்த அசலுக்கும் சேர்த்துக் கடைசிவரை வட்டி போடும் முறை அது. பிளாட் 10 சதவீதம், 5 வருடம் என்றால் 100க்கு வட்டி 50, தவணை 2.50. மீதமுள்ள அசலுக்கு மட்டும் வட்டி போடும் முறையில் பார்த்தால் அது 17 சதவீதத்துக்கு மேல். ஒரு கடையில் பிளாட் 10, வங்கியில் 14 என்றால் பலர் கடைக்குத்தான் ஓடுவார்கள், வங்கிதான் மலிவு. எந்த இடத்திலும் கேட்க வேண்டியது: கையில் வருவது எவ்வளவு, கட்டணங்கள் எல்லாம் சேர்த்து மொத்தம் திருப்பிக் கட்டுவது எவ்வளவு, முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா. அபராதம் உண்டு என்றால் வெளியே வரும் கதவுக்கே பூட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம், நான் அப்படிப்பட்ட கடனை வாங்க மாட்டேன்.

ஆகவே என் வரிசை இதுதான். காத்திருக்க முடிந்தால், அந்த 12 மாதத் திட்டம், பிறகு சிறு கடன், கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ. முடியாவிட்டால், அதே இடங்களில் முதலில் கேட்டு ஒப்புதல் காகிதத்தோடு பழைய கார், 36 மாதத்துக்குள். அது மறுக்கப்பட்டால், மூன்று தவணை சேமிப்பு இருந்தால் ஜாமீன், இல்லாவிட்டால் சிறு தனிநபர் கடனில் இன்னும் மலிவான வண்டி. ஷோரூம் கடன் அதற்கு அடுத்தது, காலத்தை நீட்டாமல், கூடுதல் சாமான் எதுவும் சேர்க்காமல். விற்பவரே கொடுக்கும் கடன் கடைசி. ஏற்கெனவே அதிக வட்டியில் மாட்டிக்கொண்டவர்கள் ஒரு வருடம் தவறாமல் கட்டிவிட்டு, பாக்கி வண்டியின் மதிப்பைவிடக் கீழே வந்ததும், வேறு இடத்தில் குறைந்த வட்டிக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். மாற்றும்போது காலத்தை மறுபடி நீட்டாதீர்கள், அங்கேதான் பலர் கிடைத்த லாபத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

கடைசித் தவணை கட்டியதும் வேலை முடிந்துவிட்டதாக நினைத்து விடாதீர்கள். கடன் தீர்ந்ததற்கான கடிதத்தை எழுத்தில் வாங்கி, வண்டிப் பதிவில் இருக்கும் அடமானக் குறிப்பையும் நீக்கச் சொல்லுங்கள், சில வாரம் கழித்து உங்கள் கடன் அறிக்கையில் 'முடிக்கப்பட்டது' என்று வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நான் அந்தக் கடிதத்தை வண்டிக் காகிதங்களோடு ஒரே உறையில் வைத்திருக்கிறேன். அடுத்த முறை கடன் கேட்டுப் போகும்போது மேசையில் முதலில் வைக்கப்போவது அதைத்தான்.